மார்பகக் கட்டி: தீர்ப்புக்கு முன் விசாரணை

குற்றஞ் சாட்டப்பட்டவன் எத்தகையவனாயினும், சாட்சிகளை விசாரியாமல் அவனைத் தண்டிப்பதை நாகரிக உலகம் ஒப்புவதில்லை. விசாரியாமல் விடுதலை செய்வதையும் ஒப்புவதில்லை. இவ்வுண்மையை மேடைதோறும் முழங்குவோர் நம்மிற் பலர். ஆனால் தம் இல்லத்தில் ஒரு தாய்க்கோ, தமக்கைக்கோ, மனைவிக்கோ மார்பகத்தில் சுண்டைக்காயளவு கட்டியொன்று தோன்றிவிட்டால் அவர்கள் செய்வது என்ன? ஒரு சாரார், “வலி இல்லையே, பால் கட்டிய இடமாயிருக்கும், தானே கரைந்துவிடும்” என்று சொல்லி விசாரணையின்றி விடுதலை அளித்துவிடுகின்றனர். மற்றொரு சாரார், “புற்றேதான், இனி என் செய்வது!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு, விசாரணையின்றி மரண தண்டனை விதித்துவிடுகின்றனர். இரண்டும் அநீதியே. வலியின்மை நிரபராதத்திற்குச் சாட்சியன்று. மார்பகப் புற்றுக்கட்டிகளிற் பெரும்பாலானவை தொடக்கத்தில் வலிப்பதில்லை. கட்டி இருப்பது மட்டுமே குற்றத்திற்குச் சாட்சியுமன்று. மார்பகத்தில் தோன்றும் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்று அல்ல.

அரசியல் பேசும் பக்கத்தில் இவ்விஷயத்திற்கு இடமேது என்று நேயர் சிலர் வினவக்கூடும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 மாதரிடம் மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 98,000 மாதர் அந்நோயால் மாண்டனர். இருவர் பிடிபட்டால் ஒருவர் மாளும் கணக்கு இது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்விகிதம் ஆறுக்கு ஒன்று என்ற அளவிலேயே நிற்கிறது. நோய் ஒன்றுதான், மனித உடலும் ஒன்றுதான். வேற்றுமை எங்கிருந்து வந்தது? காலங்கடந்து வருவதிலும், வந்த பின் முறையான பரிசோதனை கிடைக்காததிலும் இருந்து வந்தது. இஃது அரசியல் அன்றாயின் வேறு எது அரசியல்? மேலும், இப்பக்கத்தைப் படிப்போரிற் பெரும்பாலார் ஆடவர். பட்டணத்திற்குப் போவதா வேண்டாவா, எந்த வைத்தியரிடம் காட்டுவது, எவ்வளவு பணம் செலவிடுவது என்னும் முடிவுகள் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் அவர்கள் கையிலேயே கிடக்கின்றன. ஆகவே இதனை அவர்கட்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

விசாரணை இல்லாத காலம் எப்படியிருந்தது என்பதைக் காட்ட ஓர் உதாரணம் போதும். ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி, பிரெஞ்சுக் கனவானொருவரை மணந்து பாரிஸ் நகரில் வசித்தவர். 1811-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், நெப்போலியனின் படை வைத்தியராகிய லாரே முதலியோர் அவருடைய இல்லத்திற்கே வந்து, அவருடைய வலது மார்பகத்தை அறுத்து நீக்கினர். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். சிறிது மதுவே கொடுக்கப்பட்டது. கத்தியின் ஒவ்வோர் இழுப்பையும் உணர்ந்தபடி கிடந்த அவ்வம்மையார், பின்னர்த் தம் தமக்கைக்கு எழுதிய கடிதத்தில் அவ்வேதனையை விவரித்துள்ளார். அதன் பின் அவர் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்ந்து, 1840-இல் தமது 87-ஆம் வயதில் காலமானார். லாரேயின் கத்தி அவரைப் புற்றிலிருந்து காத்ததா? அல்லது கேடற்ற ஒரு கட்டிக்காக அப்பெருந்துன்பம் விளைந்ததா? இவ்வினாவிற்கு எவராலும் விடை கூற முடியாது. அறுத்தெடுத்த சதையை நுண்ணோக்கியில் வைத்து ஆராயும் சாஸ்திரம் அப்பொழுது பிறக்கவேயில்லை.

அச்சாஸ்திரம் ஜெர்மனியிற் பிறந்தது. 1838-இல் யோஹன்னஸ் ம்யூலர் என்பார், கட்டிகளும் உடலின் பிற பகுதிகளைப் போலவே உயிரணுக்களால் ஆனவை என்று நுண்ணோக்கியின் உதவியால் காட்டினார். அவருடைய மாணாக்கர் ருடால்ஃப் விர்ஹோ 1858-இல், நோய் என்பது உயிரணுவிற் காணத்தக்கது என்னும் கொள்கையை நூலாக நிலைநாட்டினார். (இந்த விர்ஹோ, பிஸ்மார்க்கை எதிர்த்து ஜெர்மானியச் சட்டசபையில் வாதாடிய அரசியல்வாதியுமாவார் என்பது நம் நேயர்க்கு உவப்பளிக்கும்.) அன்று முதல், கட்டியின் குணத்தைக் கைவிரல் சொல்வதில்லை, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மெல்லிய சதைத் துண்டு சொல்கிறது. அத்துண்டைப் படித்துச் சொல்பவரே பாதாலஜிஸ்ட் எனப்படும் நோய்க்குறி நிபுணர். நோயாளி இவரைக் காண்பது அரிது. ஆயினும் அவளுடைய வழக்கில் உண்மையான நீதிபதி இவரே.

இந்நீதிபதி எதைப் பார்க்கிறார்? மார்பகத்தின் அமைப்பைச் சிறிது அறிந்தாலன்றி இது விளங்காது. பால் சுரக்கும் சிறு குமிழ்கள் திராட்சைக் கொத்துப் போலக் கூடி நிற்க, அவற்றினின்று மெல்லிய நாளங்கள் புறப்பட்டு ஒன்றோடொன்று கலந்து காம்பை நோக்கி வருகின்றன. கொத்தும் நாளத்தின் நுனியும் கூடுமிடத்திலேயே பெரும்பாலான மார்பகப் புற்றுகள் தோன்றுகின்றன. நாளத்தின் உட்சுவரில் உயிரணுக்கள் இரண்டு அடுக்காக நிற்கும். உள்ளடுக்கு பாலோடு தொடர்புடையது. வெளியடுக்கு சுருங்கிப் பாலை உந்துவது. இவ்விரண்டையும் சூழ அடிச்சவ்வு என்னும் மெல்லிய வேலி ஒன்றுண்டு. வேலிக்கு வெளியே கொழுப்பும் நாரும், ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் இருக்கின்றன. நோயின் சரித்திரம் முழுவதும் இவ்வேலியைச் சுற்றியே நடக்கிறது.

முதலில் உள்ளடுக்கின் உயிரணுக்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகலாம். பெருக்கம் மட்டுமே இருந்து, உயிரணுக்கள் பலதிறப்பட்டனவாய் ஒழுங்கான உருவத்தோடு இருப்பின், அது பெரிதும் அஞ்சத்தக்கதன்று. பெருகிய உயிரணுக்கள் ஒரே அச்சில் வார்த்தாற்போல் தோன்றி, வழக்கமான வரிசையையும் இழந்து நிற்பின், அதனை இயல்பு திரிந்த பெருக்கம் என்பர். அத்தகைய உயிரணுக்கள் நாளத்தை நிரப்பி, வேலியை மட்டும் தாண்டாமல் அடைபட்டுக் கிடப்பின் அது நாளத்துள் அடங்கிய புற்று. வேலி உடைந்து ஓர் உயிரணுக் கூட்டம் வெளிச் சதையுட் புகுந்துவிட்டால், அக்கணமே அது ஊடுருவிய புற்று. ரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் எலும்புக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போக வல்லது இந்தக் கடைசி நிலையே. வேலி உடைந்ததா இல்லையா என்ற ஐயம் எழுமிடத்து, நிபுணர் வெளியடுக்கின் உயிரணுக்களை மட்டும் பற்றிக்கொள்ளும் தனிச் சாயங்களை இட்டுப் பார்ப்பர். வெளியடுக்கு முழுமையாக நின்றால் கைதி இன்னும் சிறைக்குள்ளேயே இருக்கிறான் என்று பொருள்.

இங்கே ஒரு பிழையான எண்ணத்தைக் களைய வேண்டும். இந்நிலைகள் மாடிப்படிபோல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியே தீரும் என்று பலர் கருதுகின்றனர். உண்மை அவ்வாறில்லை. அமெரிக்காவில் டூபான்ட், பேஜ் என்னும் இருவர், கேடற்றவை என்று எடுத்தெறியப்பட்ட மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாதரின் பழைய சதைத் துண்டுகளை மறுபடி படித்து, அம்மாதரின் பிற்கால வாழ்க்கையோடு ஒப்பிட்டு 1985-இல் வெளியிட்டனர். வெறும் பெருக்கம் உடையோர்க்குப் புற்று வரும் அபாயம், பெருக்கம் இல்லாதாரைக் காட்டிலும் இரு மடங்குக்கு உட்பட்டே இருந்தது. இயல்பு திரிந்த பெருக்கம் உடையோர்க்கோ அது நான்கைந்து மடங்காயிற்று. ஆயினும் அவர்களிலும் பெரும்பாலார்க்குப் புற்று வரவேயில்லை. அபாயம் வேறு, குற்றம் வேறு. முன்னெச்சரிக்கைக்குப் பாத்திரமானவனைக் கொலையாளியாக நடத்துதல் முறையன்று.

பெயரால் மோசம் போன கட்டிகளும் உண்டு. இலைபோல் மடிந்து வளரும் கட்டி ஒன்றுக்கு மேற்சொன்ன ம்யூலரே 1838-இல் சார்க்கோமா என்னும் கொடிய நோயின் பெயரைச் சூட்டிவிட்டார். அவ்வகைக் கட்டிகளிற் பெரும்பாலானவை கேடற்றவை என்பது பின்னரே தெளிவாயிற்று. அவ்வாறே 1941-இல் ஃபூட், ஸ்டூவர்ட் என்னும் நியூயார்க் நிபுணர் இருவர், பால் குமிழ்க் கொத்துக்குள் அடங்கிய ஒருவகைப் பெருக்கத்தைப் புற்று என்னும் பெயரால் வருணித்தனர். அப்பெயரை நம்பி மார்பகத்தை இழந்தோர் பலர். இன்று அது, இரு மார்பகங்களிலும் பிற்காலத்தில் புற்று வரும் அபாயத்தைக் காட்டும் அடையாளம் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது; 2018-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க வகைப்பாடு அதனைப் புற்றுநோயின் நிலைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டது. இளம் பெண்களிடம் விரலுக்கு அகப்படாமல் வழுக்கி ஓடும் ஃபைப்ரோஅடினோமா என்னும் நார்க்கட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பெரும்பாலும் சாது.

தண்டனையின் கடுமையிலும் இத்தகைய வரலாறே காணப்படுகிறது. பால்டிமோர் நகரின் ரண சிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு மார்புத் தசைகளையும், அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அறுத்தெடுக்கும் முறையை 1894-இல் வெளியிட்டார். புற்று ஒரு மையத்திலிருந்து படிப்படியாகப் பரவுவதால், அகலமாக அறுத்தால் அடியோடு ஒழியும் என்பது அவர் கொள்கை. அவர் காலத்தில் நோயாளிகள் வந்த நிலையை எண்ணினால் அம்முறையைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் முக்கால் நூற்றாண்டு வரை அதனை எவரும் சோதித்துப் பாராமல் வேதவாக்காகக் கொண்டதைக் குறை கூறாமல் இருக்க முடியாது. பெர்னார்ட் ஃபிஷர் என்னும் அமெரிக்கரும், மிலான் நகரத்து வெரொனேசியும் 1970-களில் அதனைச் சோதனைக்கு உட்படுத்தினர். கட்டியை மட்டும் நீக்கிக் கதிர் சிகிச்சை அளித்த மாதரும், மார்பகம் முழுவதும் இழந்த மாதரும் உயிர்வாழும் காலத்தில் வேறுபடவில்லை என்று இருவரும் கண்டனர். இருபதாண்டுக் கணக்கு 2002-இல் வெளிவந்தபோதும் அம்முடிவு மாறவில்லை. அவ்வளவு காலம் நடந்த அறுவையிற் பெரும் பகுதி வேண்டாத அறுவையாயிருந்தது.

இனி, புற்று என்று உறுதிப்பட்ட பின்னும் விசாரணை முடிவதில்லை. உயிரணுக்கள் நாளம்போல் வரிசை அமைக்கின்றனவா, அவற்றின் கருக்கள் எவ்வளவு சிதைந்துள்ளன, எவ்வளவு விரைவில் பிளந்து பெருகுகின்றன என்னும் மூன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை ஐந்துக்குள் அடங்கின் முதற்படி, ஆறும் ஏழும் இரண்டாம்படி, எட்டும் ஒன்பதும் மூன்றாம்படி என்று கட்டியின் மூர்க்கத்தை அளப்பர். அடுத்து ஹார்மோன் விசாரணை. 1896-இலேயே கிளாஸ்கோ வைத்தியர் பீட்சன், சூற்பைகளை நீக்கினால் சில மாதரின் முற்றிய மார்பகப் புற்று சுருங்குவதைக் கண்டார். ஏன் சிலரிடம் மட்டும் என்பதற்கு விடை பிற்காலத்தில் கிடைத்தது. சில புற்றுகளின் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோனை ஏற்கும் வாயில்கள் உள்ளன, சிலவற்றில் இல்லை. வாயில் உள்ள கட்டிக்குத் தாமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை பயன்படும், இல்லாததற்குப் பயன்படாது. ஹெர்-2 என்னும் மற்றோர் ஏற்பி மிகுந்திருந்தால் அதற்கெனத் தனி மருந்து உண்டு. 1998-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதிக்கப்பட்டது. ஒன்றுமே இல்லாத வகை மூர்க்கமானது. நம் நாட்டு மருத்துவமனைக் கணக்குகளில் அதன் பங்கு மேனாட்டினும் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆகவே மார்பகப் புற்று என்று ஒரு சொல்லால் சுட்டினும், உள்ளே பல நோய்கள் இருக்கின்றன.

இவ்விசாரணை பழுதானால் விளைவது யாது என்பதைக் கனடா நாடு பட்டுணர்ந்தது. அதன் கீழைக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில், 1997 முதல் 2005 வரை நடந்த ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனைகளில் பிழைகள் நேர்ந்தன. வாயில் இல்லை என்று அறிக்கை பெற்ற ஒரு நோயாளியின் சதைத் துண்டு மறுபடி சோதிக்கப்பட்டபோது, வாயில் உண்டு என்று வந்தது. ஐயங்கொண்டு பழைய துண்டுகளையெல்லாம் டொரன்டோ நகருக்கு அனுப்பிப் பார்த்ததில், முந்நூறுக்கு மேற்பட்ட மாதருக்குத் தவறான முடிவு அளிக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. மலிவான மாத்திரை ஒன்றால் பயன்பெற்றிருக்கக் கூடியவர்கள் அதனைப் பெறாமலே போயினர். அவர்களில் பலர் அதற்குள் மாண்டும் விட்டனர். அரசாங்கம் நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணைக் கமிஷன் ஒன்றை 2007-இல் அமைத்தது. 2009-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, சாயமிடும் மேசை முதல் நிர்வாக அறை வரை எங்கெங்கே மேற்பார்வை தளர்ந்தது என்பதை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்டியது. உண்மையை நோயாளிகளுக்கு உரிய காலத்தில் தெரிவியாத குற்றத்தையும் மறைக்கவில்லை. சட்டம் பயின்றோர் அனைவரும் படிக்கத்தக்க அறிக்கை அது.

அத்தகைய பிழை எவ்வளவு அற்பமான இடத்திலிருந்து தொடங்கக்கூடும் என்பதை அறிந்தால் வியப்பே உண்டாகும். உடலினின்று எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் பார்மலின் நீரில் இடப்பட வேண்டும். ஆறு மணிக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணிக்கு மேற்படாமலும் அதில் ஊற வேண்டும். பார்மலின் சதைக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே ஊடுருவும். அறுத்தெடுத்த மார்பகத்தைக் கீறிவிடாமல் முழுதாகச் சிறு ஜாடியிற் திணித்து, மேலே சிறிது பார்மலின் ஊற்றி, பஸ்ஸில் ஏற்றி வேற்றூர்ப் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்பினால், வெளிப்புறம் பதப்பட, உட்புறம் அழுகிப் போகும். அழுகிய சாட்சி பொய் சொல்லும். உள்ள வாயிலை இல்லை என்னும். ஐந்து நிமிஷ வேலையில் காட்டும் அலட்சியம் ஒரு பெண்ணின் ஐந்தாண்டுச் சிகிச்சையைத் திசை திருப்பிவிடுகிறது.

முறையாகப் பதப்பட்ட சதையிலும் நீதிபதிகள் வேறுபடுவதுண்டு. அமெரிக்க நிபுணர் 115 பேரிடம் ஒரே வகைத் துண்டுகளைக் கொடுத்து, மூவரடங்கிய நிபுணர் குழுவின் முடிவோடு ஒப்பிட்டு 2015-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஊடுருவிய புற்றில் நூற்றுக்கு 96 முடிவுகள் ஒத்தன. அடங்கிய புற்றில் 84. இயல்பு திரிந்த பெருக்கத்திலோ 48 மட்டுமே. ஆகவே கொடிய குற்றத்தில் ஐயம் சிறிது. எல்லைக்கோட்டு வழக்குகளிலேயே ஐயம் பெரிது. அவ்வழக்குகளில் இரண்டாம் நிபுணரின் அபிப்பிராயத்தைக் கோருவது முதல்வரை அவமதிப்பதாகாது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின்மீது அப்பீல் செய்பவன் நீதிபதியை வைததாக எவரும் கொள்வதில்லை.

அடங்கிய புற்றை உடனே அறுக்க வேண்டுமா, காத்திருந்து கவனிக்கலாமா என்பதே இன்று மேனாட்டாரின் பெரும் விவாதம். மூர்க்கம் குறைந்த வகையினரிடம் நடத்திய அமெரிக்கச் சோதனையொன்று, கண்காணிப்பில் இருந்தோர்க்கு இரண்டாண்டுக்குள் ஊடுருவிய புற்று அறுவை செய்துகொண்டோரைவிட மிகுதியாக வரவில்லை என்று 2024-இன் இறுதியில் தெரிவித்தது. இரண்டாண்டு என்பது இந்நோய்க்கு மிகச் சிறு காலம். நாம் அவசரப்பட வேண்டியதில்லை. தவிரவும் அவ்விவாதம் மாமோகிராம் படத்தால் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளைத் தேடிப் பிடிக்கும் நாடுகளுக்கு உரியது. நம் மாதரிற் பெரும் பகுதியினர் கட்டி கைக்கு நன்கு தட்டுப்பட்ட பின்னரும், தோல் இழுபட்டு, அக்குளில் நெறி கட்டிய பின்னரும் வருகின்றனர். அவர்தம் விஷயத்தில் காத்திருப்போம் என்பது விஞ்ஞானமன்று, சோம்பலேயாம்.

விலையுயர்ந்த யந்திரம் இல்லாமலும் வழியுண்டு. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கி, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் மாதரைக் கொண்டு நடத்திய சோதனையில், பயிற்சி பெற்ற பெண் ஊழியர் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தனர். 2021-இல் வெளிவந்த முடிவின்படி, அவ்வாறு பரிசோதிக்கப்பட்டோரிடம் நோய் முற்றாத நிலையிலேயே பிடிபட்டது. மரணக் குறைவு மொத்தக் கணக்கில் உறுதிப்படவில்லையாயினும், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரில் அது ஏறக்குறைய நூற்றுக்கு முப்பதாக இருந்தது. இதனைத் தாலூகாதோறும் நடத்தச் சட்டசபைகள் பணம் ஒதுக்குவது இயலாத காரியமா? சென்னைச் சட்டசபையில் 1927-இல் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முப்பதாண்டுக் காலம் இடைவிடாது முயன்று, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். ஒரு பெண்மணி தனித்துச் செய்ததை மாநிலம் முழுதும் கூடிச் செய்வதற்கு என்ன தடை?

தடைகளுள் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஊசியோ கத்தியோ பட்டால் புற்று பரவிவிடும் என்னும் அச்சத்தால் சதைப் பரிசோதனையை மறுக்கும் குடும்பங்கள் ஏராளம். ஊசி சென்ற பாதையில் சில உயிரணுக்கள் இடம்பெயர்வது காணப்பட்டதுண்டு. அதனால் நோயாளியின் ஆயுள் குறைந்ததாக நிலைநாட்டப்படவில்லை. பரிசோதனையை அஞ்சித் தள்ளிப்போட்ட மாதங்களில் புற்று பரவுவதோ கண்கூடு. மரத்துப்போகும் மருந்திட்டு, தடித்த ஊசியால் அரிசி நீளச் சதை இழைகள் சிலவற்றை எடுப்பதே இன்றைய முறை. அறுவை செய்யுமுன் இது நடைபெற வேண்டும். கட்டியை முதலில் அறுத்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று சொல்லும் வைத்தியரிடம், ஏன் என்று மரியாதையோடு வினவுவதற்கு எந்தக் கணவனும் மகனும் கூச வேண்டியதில்லை.

பரிசோதனை முடிந்தபின் அறிக்கையை எழுத்தில் பெறல் வேண்டும். கட்டி எவ்வகை, எத்தனையாவது படி, எத்தனை சென்டிமீட்டர், வெட்டிய ஓரங்களில் புற்று உண்டா, அக்குளில் எத்தனை கணுக்கள் பார்க்கப்பட்டன, அவற்றில் எத்தனை பாதிக்கப்பட்டன, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரொஜெஸ்டரோன் ஏற்பியும் ஹெர்-2 ஏற்பியும் எந்நிலையில் உள்ளன என்பவை அதில் இருக்க வேண்டும். சதையைப் பொதிந்த மெழுகுக் கட்டை தீப்பெட்டியினும் சிறியது. பல ஆண்டுகள் கெடாதது. பரிசோதனைக் கூடத்தில் பிளாக் என்று கேட்டால் தருவார்கள். அப்பீலுக்குச் செல்லும்போது அதனையும் ஸ்லைடுகளையும் உடன் கொண்டுசென்றால், அந்த நிபுணர் அதே சதையிலிருந்து புதிய துண்டுகளைச் சீவிப் பார்ப்பார். நியூஃபவுண்ட்லாந்து மாதரின் வழக்கு மறுபடி திறக்கப்பட்டது, அக்கட்டைகளை எவரும் எறியாமல் வைத்திருந்தமையால்தான்.